வாயை மூடித் தூங்குதல்

“தூங்கும்போது உங்க வாய் திறந்திருக்குமா, மூடியிருக்குமா?”

விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது அந்த கிளினிக். காது மூக்கு தொண்டை மருத்துவர். இதைக் கேட்டபோது அவர் என் நாக்கை ஒரு தட்டைக் குச்சியால் அழுத்திப் பிடித்திருந்தார். அதனால் பதில் சொல்ல முடியவில்லை. குச்சியை எடுத்த பிறகும் முடியவில்லை.

தெரியாது என்றேன்.

“வீட்ல யாரையாவது பாக்கச் சொல்லுங்க மேடம். பக்கத்துல படுக்கறவங்க சொன்னாதான் உண்டு. நமக்கே தெரியாது.”

வீட்டில் வேறு யாரும் இல்லை என்றேன். அவர் கணினியில் எதையோ தட்டினார். பிறர் என்ன எழுதுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் வேலையை விட்ட பிறகும் என்னை விடவில்லை. பார்த்தேன். ‘தனியாக வசிக்கிறார்’ என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள்.

ஒரு நாளிதழின் விழுப்புரம் பதிப்பில் பிழை திருத்துபவளாகச் சேர்ந்து, துணை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள் நான் என்று இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறேன். யார் பார்த்தது, யார் சொன்னது என்று கேட்காமல் எந்த வரியையும் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது எங்கள் மேசையின் பாடம். அப்படி எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். என் தூக்கத்தைப் பார்த்தவர்கள் யார் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

மாடிப்படியில் இறங்கும்போதும் யோசித்துக்கொண்டிருந்தேன். யாரும் நினைவுக்கு வரவில்லை.

மேல்மருவத்தூர் வரை

மருத்துவரிடம் நானாகப் போகவில்லை. என் தம்பி குமார்தான் போகவைத்தான்.

கொஞ்ச நாளாகவே காலையில் எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் காகிதம் போல ஒட்டியிருக்கும். தண்ணீர் விட்டால்தான் பிரியும். தலை பாரமாக இருக்கும். பற்களில் இரண்டு ஆட ஆரம்பித்திருந்தன. இதெல்லாம் வயது என்று எடுத்துக்கொண்டேன். புளித்துப்போன சாம்பாரை வாசனை தெரியாமல் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு அவதிப்பட்டதையும் வயதின் கணக்கில்தான் எழுதினேன்.

பிறகு அந்தப் பேருந்துப் பயணம். விழுப்புரத்தில் ஓய்வூதிய வேலையாக வங்கிக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைப் பார்த்தது நினைவிருக்கிறது. அடுத்து கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே சிவப்புப் புடவை கட்டிய பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மேல்மருவத்தூர். நான் இறங்க வேண்டிய திண்டிவனம் எப்போதோ போய்விட்டது. பட்டப்பகல். நடத்துநர், “நாலு வாட்டி கூப்ட்டேன்மா, நீ எந்திரிக்கவே இல்ல. பயந்துட்டேன்” என்றார்.

இதைத் தமாஷாகத்தான் போனில் தம்பியிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

குமார் தாம்பரத்தில் இருக்கிறான். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னைவிட நான்கு வயது சிறியவன், ஆனால் அம்மா போன பிறகு எனக்கு அண்ணன் மாதிரி ஆகிவிட்டான். நான் கல்யாணம் செய்துகொள்ளாததைப் பற்றி அவன் ஒருநாளும் பேசியதில்லை. தனியாக இருப்பதைப் பற்றி மட்டும் பேசுவான்.

“இன்னொரு வாட்டி இந்த மாதிரி ஆச்சின்னா வூட்டைக் காலி பண்ணிட்டு வந்துடணும்” என்றான். “நான் கேக்க மாட்டேன், வண்டி எடுத்துக்கினு வந்துடுவேன்.”

சொன்னதைச் செய்கிறவன். அவன் வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் அவனும் அவன் மனைவியும், இன்னொன்றில் மகனும் மருமகளும். எனக்குக் கூடம். கூடத்தில் தொலைக்காட்சி இருக்கிறது, செருப்பு வைக்கும் அலமாரி இருக்கிறது, எல்லோரும் அதைக் கடந்துதான் குளியலறைக்குப் போக வேண்டும். அன்பு இல்லாத வீடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் திண்டிவனத்தில் ரயில்வே கேட்டுக்குப் பின்னால், வாடகைக்கு என்றாலும், ஒரு கதவு என்னுடையது. அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே மருத்துவரிடம் போனேன்.

மூக்கு என்ன செய்கிறது

இந்த மருத்துவருக்குப் பேசுவதில் விருப்பம் இருந்தது. மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு மூக்கை வரைந்து காட்டினார். நடுத்தண்டு எனக்கு ஒரு பக்கமாக வளைந்திருக்கிறதாம். அதோடு தூசு ஒவ்வாமையால் உள்சதை வீங்கியிருக்கிறது. பகலில் முயன்று மூக்கால் இழுத்துவிடுகிறேன். தூங்கியதும் உடம்பு சுலபமான வழியைத் தேடி வாயைத் திறந்துகொள்கிறது என்பது அவர் ஊகம்.

வாயால் விட்டாலும் மூச்சுதானே என்று கேட்டேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். வெளிக்காற்று எப்படி இருந்தாலும் மூக்கு அதை அப்படியே உள்ளே விடுவதில்லை. முடியும் சளியும் தூசைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. உள்ளே சுருள் சுருளாக இருக்கும் சதை, காற்றைச் சூடாக்கி ஈரமாக்குகிறது. மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளில் ஒரு வாயு சுரக்கிறதாம். மூக்கால் இழுக்கும்போது அதுவும் சேர்ந்து நுரையீரலுக்குப் போய் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. மூக்கின் வழி குறுகலானது என்பதால் மூச்சு தானாக நிதானப்படுகிறது. வாய்க்கு இந்த வேலைகள் எதுவும் தெரியாது. வாயால் இழுத்தால் எச்சில் வற்றும், பல் கெடும், தொண்டை காயும், குறட்டை வரும், தூக்கம் தூக்கமாக இருக்காது.

“சாப்பிடறதுக்கும் பேசறதுக்கும்தான் மேடம் வாய்” என்றார்.

பேசுவது என்று அவர் சொன்னதும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்கு முந்தைய நாள் நான் பேசியது பால்காரரிடம் ஒரு வாக்கியம், மளிகைக் கடையில் இரண்டு. பகல் முழுக்கச் சும்மா மூடியிருந்த வாய்தான் இரவில் திறந்துகொள்கிறது.

சரம் பார்த்த செய்தியாளர்

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் மூத்த செய்தியாளர் ஒருவர் இருந்தார். தொலைபேசியை எடுப்பதற்கு முன் புறங்கையை மூக்கின் கீழ் வைத்துப் பார்ப்பார். சரம் பார்ப்பது. வலது துளையில் மூச்சு ஓடினால்தான் அதிகாரிகளுக்குப் போன் போடுவார். இடது ஓடினால் டீ குடிக்கப் போவார். பக்கம் முடிக்கும் நேரத்தில் ஒரு முக்கியமான செய்தி இவருடைய இடது மூக்கில் மாட்டிக்கொண்டு நின்ற கதைகள் உண்டு. “சார், இன்னிக்கு எந்த ஓட்டை?” என்று பையன்கள் கேட்பார்கள். அவர் கோபப்பட மாட்டார். “உனக்கு ரெண்டும் அடைச்சிக்கினு இருக்குடா, அதான் உனக்கு நியூஸே வர்றதில்ல” என்பார்.

மருத்துவரிடம் இதைச் சொன்னபோது சிரிப்பார் என்று நினைத்தேன். இல்லை, துளைகள் மாறி மாறித்தான் வேலை செய்கின்றன, ஒன்று திறக்கும்போது மற்றது கொஞ்சம் அடைத்து ஓய்வெடுக்கும், அது எல்லோருக்கும் நடப்பது என்றார். கலெக்டர் போனை எடுப்பதற்கும் அதற்கும்தான் சம்பந்தமில்லை.

ஆக, அந்த மனிதர் கவனித்தது சரி. அதற்கு எழுதிய தலைப்பு தவறு. எங்கள் தொழிலில் இது சகஜம்.

வெல்லப்பாகு வாசனை

உப்புநீரால் மூக்கைக் கழுவவும், ஒரு ஸ்பிரேயைக் காலையும் மாலையும் அடித்துக்கொள்ளவும் சொன்னார். முதல் தடவை கழுவியபோது கோட்டக்குப்பம் கடலில் அலை அடித்து மூக்கில் தண்ணீர் ஏறியது போல இருந்தது. கண்ணில் நீர் வந்தது. பழகிவிட்டது.

சில வாரங்கள் கழித்து மறுபரிசோதனைக்காக விழுப்புரம் போகும்போது, பேருந்து சர்க்கரை ஆலையைக் கடந்தது. வெல்லப்பாகு கொதித்துக் கொஞ்சம் அடிப்பிடித்தது போன்ற அந்தக் கனமான வாசனை ஜன்னல் வழியே வந்தது. அந்த வழியில் பல ஆண்டுகள் தினமும் போய் வந்தவள் நான். ஆலையை மூடிவிட்டார்களோ என்னவோ என்று அண்மையில் நினைத்தது கூட உண்டு. ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் “வாசனை வருதுங்களா?” என்று கேட்டேன். அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “வராம என்னங்க, தெனம் இதே பேஜாரு” என்றார்.

மருத்துவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு வீக்கம் குறைந்திருக்கிறது என்றார். ஆனால் அதே கேள்விக்குத்தான் திரும்பி வந்தார். தூக்கத்தில் வாய் மூடியிருக்கிறதா? மூடியிருந்தால் இந்த மருந்தே போதும். இன்னும் திறந்துதான் இருக்கிறது என்றால் ஓர் இரவு மருத்துவமனையில் படுக்கவைத்துத் தூக்கத்தைச் சோதிக்க வேண்டும், ஒருவேளை அறுவை சிகிச்சை. அப்போது கூடவே ஆள் இருக்க வேண்டும்.

கூட ஆள் என்றால் குமார். குமார் என்றால் தாம்பரம், கூடம்.

பிளாஸ்திரி

வாய் மூடியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியில்லாதவள், மூடிவைக்க வழி தேடினேன். செல்போனில் ஒரு வெள்ளைக்காரர் உதட்டின் குறுக்கே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்கி எழுந்து புத்துணர்ச்சியோடு பேசினார். நம் ஊர் ஆட்களும் தமிழில் அதையே செய்துகொண்டிருந்தார்கள். மருந்துக் கடையில் காகித பிளாஸ்திரி ஒரு சுருள் வாங்கி, அன்றிரவே ஒட்டிக்கொண்டு படுத்தேன்.

மருத்துவர் இதைச் சொல்லவில்லை. பிறகு கேட்டபோது, மூக்கடைப்பு இருப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது, மற்றவர்களும் கேட்காமல் செய்யக் கூடாது என்று கண்டித்தார். வாசகர்கள் குறித்துக்கொள்ளவும்.

எங்கள் தெருவில் நகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் வரும். பக்கத்து வீட்டுச் செல்வி ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். கம்பெனி வேன் வருவதற்குள் தண்ணீர் பிடித்தாக வேண்டும் என்பதால் தெருவில் முதலில் எழுவது அவள்தான். குழாயில் சத்தம் கேட்டதும் என் கதவைத் தட்டிவிட்டுப் போவாள். அவளுக்கும் எனக்கும் இருந்த உறவு பெரும்பாலும் அந்தத் தட்டல்தான்.

அந்த விடியற்காலையும் தட்டினாள். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டேன். கேட்டதாக நினைத்தேன். “ம்ம் ம்ம்” என்று மட்டும்தான் வந்தது.

செல்வி குடத்தைக் கீழே போட்டாள். தலை கலைந்து, வாயில் வெள்ளைப் பிளாஸ்திரியோடு, கையை ஆட்டிக்கொண்டு ஒரு பெண். அவள் என்ன நினைத்தாள் என்பதைத் தெரு முழுக்கக் கேட்டது.

“ஐயோ, எக்காவோட வாயக் கட்டிப்புட்டு போய்ட்டானுங்க, யாருன்னா ஓடியாங்க.”

நான் பிளாஸ்திரியைப் பிய்த்து எடுப்பதற்குள் நான்கு வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் கடப்பாரை. நானே ஒட்டிக்கொண்டது, மூச்சுக்காக என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. மூச்சுக்காக யாராவது வாயை அடைப்பார்களா? பயத்தில் உளறுகிறது என்றார் ஒருவர். அவமானத்துக்குப் பயந்து மறைக்கிறது என்றார் இன்னொருவர். செல்வி என்னை உட்காரவைத்து, முந்தானையால் என் உதட்டோரத்துப் பசையைத் துடைத்தாள். அவள் கையில் ரப்பர் பசையின் வாசனை இருந்தது, ஷூ கம்பெனிப் பசை. அது எனக்குத் தெரிந்ததில், அந்த நிலையிலும் சிறிது சந்தோஷப்பட்டேன்.

அன்றைக்கு அவள் வேனை விட்டுவிட்டாள்.

வந்த, வரும்

மறுநாள் செய்தி வந்திருந்தது. நான் வேலை பார்த்த நாளிதழிலேயே, மாவட்டப் பக்கத்தில், ஒற்றைப் பத்தி. ‘வாயில் பிளாஸ்திரி ஒட்டிக் கொள்ளை முயற்சி: திண்டிவனத்தில் பரபரப்பு.’ எதுவும் திருட்டுப் போகவில்லை என்பதால் ‘முயற்சி’ என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல் மட்டும் கவனமாகப் போட்ட சொல்.

உள்ளே இப்படி இருந்தது: ‘தனியாக வசித்து வந்த மூதாட்டி.’

மூதாட்டி என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. அறுபது தாண்டிய பெண்ணை வேறு எப்படி எழுதுவது என்று எங்கள் மேசையில் யாரும் யோசித்ததில்லை. ‘வந்த’ என்பதுதான் பிழை. உயிரோடு இருப்பவளை ‘வசித்து வரும்’ என்றுதான் எழுத வேண்டும். ‘வசித்து வந்த’ என்பது பிணம் கிடைத்த செய்திகளின் சொல். எழுதிய பையனுக்கு இந்தச் சொற்றொடர் அப்படியேதான் பழக்கமாகியிருக்கும். தனியாக இருக்கும் பெண்கள் செய்தியில் வருவது பெரும்பாலும் அப்படித்தானே.

விசாரிப்புகள் தாங்காமல் போனை அணைத்து வைத்திருந்தேன். அது இன்னொரு பிழை.

மதியம் வாசல் கேட்டில் சத்தம் கேட்டது. குமார் நின்றிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. யாரோ அந்தச் செய்தியைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டிருக்கிறார்கள். ‘வசித்து வந்த’ என்பதைப் படித்துவிட்டுப் பேருந்து ஏறியிருக்கிறான். எனக்குப் போன் போட்டுக்கொண்டே வந்திருக்கிறான்.

வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“இருக்கியா” என்றான்.

உள்ளே வந்து உட்கார்ந்தான். நடந்ததைச் சொன்னேன். பிளாஸ்திரிச் சுருளைக் காட்டினேன். கொஞ்சம் சிரித்தான். பிறகு சுருளைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

“இத ஒட்டிக்கினு தூங்கறப்ப மூக்கும் அடைச்சிக்கிச்சின்னா, யாரு எடுத்து வுடுவாங்கக்கா?”

மருத்துவர் கேட்டதைச் சொன்னேன். வாய் மூடியிருந்தால் மருந்து போதும், திறந்திருந்தால் சோதனை, அறுவை சிகிச்சை, ஆள் துணை.

“அவ்ளோதானே” என்றான். “நீ படு. நான் பாத்துச் சொல்றேன்.”

பகலில் எப்படித் தூக்கம் வரும் என்றேன்.

“பேப்பர்காரங்க உன்னை சாவடிச்சிட்டாங்க, பொணம் மாதிரி படு, தூக்கம் வரும்” என்றான். “திறந்திருந்தா நாளைக்கே வண்டி. மூடியிருந்தா இனிமே நான் வாயத் தொறக்கல. சரியா?”

சரி என்றேன்.

மருந்தை அடித்துக்கொண்டு, பாயை விரித்துப் படுத்தேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதே செய்தித்தாளைப் பிரித்தான். தாள் மடிக்கும் சத்தம் கேட்டது. மின்விசிறி கேட்டது. பக்கத்து வீட்டில் குக்கர் கூவியது. இன்னொரு ஆளின் மூச்சு அறைக்குள் இருந்தது. எனக்குத் தூக்கம் வராது என்றுதான் நினைத்தேன்.

எழுந்தபோது வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது. குமார் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். நாளிதழை மடித்துத் தரையில் வைத்திருந்தான். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்: புத்தக அடுக்கு, ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஜன்னல் கம்பியில் காயும் என் துண்டு.

நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

“மூடித்தான்கா இருந்துச்சி. நல்லா மூடிக்கினு, மூக்காலதான் வுட்டுக்கினு இருந்த.”

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. பற்களுக்குப் பின்னால் ஈரமே இல்லை. தொண்டை, வெயிலில் கிடந்த தாளைப் போல இருந்தது. வாய் எத்தனை நேரம் திறந்து கிடந்தது என்று என் வாய்க்கே தெரிந்திருந்தது.

தன் தரப்புக்கு எதிராகச் சொல்பவனின் வார்த்தையை நம்பலாம் என்பது செய்தி மேசையில் நாங்கள் வைத்திருந்த ஓர் அளவுகோல். என்னை அழைத்துப் போக வந்தவன், இங்கேயே இரு என்று சொல்கிறான். எனக்காகச் சொன்னானா, அவன் வீட்டுக் கூடத்தை நினைத்துச் சொன்னானா, அந்த ஒற்றைத் தம்ளரில் எதையாவது பார்த்தானா என்று நான் ஆராயவில்லை. மருத்துவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும், தூக்கச் சோதனைக்கு நாள் கேட்க வேண்டும், கூட வருவாயா என்று செல்வியிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“சரிடா” என்றேன். குரல் கரகரத்தது. இப்போதுதான் எழுந்ததால் என்று அவன் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். சொம்பில் தண்ணீரும் வைத்தேன். அவன் குடித்தான். உனக்கு என்றான். அப்புறம் என்றேன். பேருந்து நிலையம் வரை ஷேர் ஆட்டோவில் கூடவே போனேன். ஏறும்போது, “போனை மட்டும் ஆஃப் பண்ணாத” என்றான். நான் தலையாட்டினேன். வண்டி நகர்ந்து, மேம்பாலத்தின் பக்கம் திரும்பி மறையும் வரை நின்றேன்.

பிறகு பெட்டிக்கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி, அங்கேயே நின்று, முழுவதையும் குடித்தேன்.